ரெக்கை வெட்டாத கோழி

அறுபதுகளில் ஒரு சாரல் நாள். தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்தவளின் மடியில் ஒரு கூடை, அதற்குள் சந்தையில் வாங்கிய கோழி. பக்கத்துச் சீட்டுக்காரி கூடைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"ரெக்கைய வெட்டலியே மைனி. மதிலேறிப் பக்கத்து வீட்டுப் பாத்தியக் கிளறுமே?"

"கிளறட்டும்னுதான் வெட்டாம வாங்குனேன்."

"என்னது?"

"அது என் ஓரகத்தி வீடு. பாகம் பிரிச்சு மதில் வச்சதுலேர்ந்து பேச்சில்ல. பழைய கோழி அவ கத்தரிச்செடியக் கிளறுனா மட்டும் மதிலுக்கு மேல தலைய நீட்டி ஏசுவா. நானும் பதிலுக்கு ஏசுவேன். அந்தக் கோழி செத்து ஒரு மாசமாச்சு."

"சண்டை ஓஞ்சுதுன்னு இருக்க வேண்டியதுதான?"

"ஒரு வாரமா அங்கிட்டு அவ இருமுத சத்தம்தான் கேக்குது. என்னன்னு கேக்கணும்லா."