மதயானையின் பொம்மை

பொம்மையின் தலையைக் கழற்ற வேண்டுமானால் முதலில் வெந்நீர் வேண்டும். பலர் அவசரப்பட்டுப் பிடித்து இழுத்துக் கழுத்து முளையை உடைத்துவிடுவார்கள். நான் கொதி அடங்கிய நீரில் தோள்வரை அமிழ்த்தி வைப்பேன். பிளாஸ்டிக் இளகிவிடும். மெல்லத் திருகினால் சத்தமே இல்லாமல் கையோடு வந்துவிடும். பதறாமல் செய்தால் எதுவும் நோகாது.

நீங்கள் பூட்ஸைப் பற்றிக் கேட்கத்தான் வந்திருக்கிறீர்கள். தெரியும். சொல்கிறேன். ஆனால் பொம்மையிலிருந்து தொடங்கினால்தான் எனக்குச் சொல்ல வரும். உட்காருங்கள். அந்த நாற்காலியில் ஊசி இருந்தாலும் இருக்கும், பார்த்து.

நான் மல்யுத்தக் குழுவுக்கு உடை தைப்பவள். அங்கே எல்லாருக்கும் நான் அக்காதான், என்னைவிட மூத்தவர்களுக்கும். உண்மையான தம்பி ஒருவன்தான். அம்மா போனபோது அவனுக்குப் பால்பல்கூட விழவில்லை. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே தையல் கற்றேன். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம் "தம்பி ஒரு நிலைக்கு வரட்டும்" என்று சொல்லிச் சொல்லியே தலை நரைத்துவிட்டது. குறையாகச் சொல்லவில்லை. கணக்குப் பார்த்துக்கொண்டா பிள்ளை வளர்க்க முடியும்?

மேடையில் அவன் பெயர் மதயானை. வீட்டில் கரப்பான் பூச்சியைக்கூடத் துடைப்பத்தால் தள்ளி வெளியே விடுவான். மேடையேறிவிட்டால் அரங்கமே அதிரும். ஒருநாள் கடைவீதியில் கண்ணாடிக்குப் பின்னால் வரிசையாகத் தொங்கிய பயில்வான் பொம்மைகளைப் பார்த்துக்கொண்டு நின்றான். எல்லாம் டிவியில் வரும் பெரிய ஆட்கள்.

"நமக்கெல்லாம் யாரு அக்கா பொம்மை செய்யப் போறாங்க?" என்றான்.

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். எனக்குத்தான் பொறுக்கவில்லை. அந்தக் கடையிலேயே அவன் உடம்புவாகு கொண்ட ஒரு பொம்மையை வாங்கினேன். தலையை எடுத்துவிட்டு, ஓட்டை அடைப்பதற்கென்று இரண்டு கட்டியாக விற்கும் மக்கை, அந்தப் பசைமாவை, ஒன்றாகப் பிசைந்து புது முகம் வைத்தேன். அந்த மக்கு இறுகுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அடிபட்டு அடிபட்டுக் காலிஃபிளவர் மாதிரி ஆகிப்போன அவனுடைய இடது காது, புருவத்துத் தழும்பு, சிறுவயதில் மாடிப்படியில் உருண்டு உடைத்துக்கொண்ட முன்பல். எதற்கும் படம் பார்க்கவில்லை. என் விரலுக்கே தெரிந்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்து, வண்ணத்தை நீர்க்கக் கரைத்துப் பூச்சின்மேல் பூச்சாகக் கொடுத்தேன். அவனுடைய பழைய உடையில் மிஞ்சிய துணியையே வெட்டித் தைத்துப் போட்டேன். கடைசியில் வார்னிஷ். உடம்புக்கு மங்கலானது. கண்ணுக்கும் பூட்ஸுக்கும் மட்டும் பளபளப்பானது. அதைக் கண்ணில் ஒரு பொட்டு வைத்ததும் பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது. நான் பயந்து பின்வாங்கினேன் என்றால் நம்புவீர்களா?

அவனிடம் கொடுத்தேன். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். கண் கலங்கியது. அப்போதுதான் சொன்னான்.

"அக்கா, நான் மேடையை விடறேன். கழுத்து தாங்கல. அவளும் வேணாங்கறா. கல்யாணத்த முடிச்சுட்டு அவங்க ஊருக்கே போயிடலாம்னு இருக்கோம். அவங்க அண்ணன் அச்சகத்துல வேலை இருக்கு."

அவள் என்பது அரங்கில் டிக்கெட் கிழிக்கும் பெண். நல்ல பெண்தான். நான் அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

"நான் என்னடா செய்யறது?" என்று கேட்டேன்.

அவன் பொம்மையை என் மடியில் உட்கார வைத்தான். "இனி நான் எதுக்குக்கா? அதான் இது இருக்குல்ல. சொன்ன பேச்சும் கேக்கும்."

விளையாட்டுக்குச் சொன்னதுதான். அவனுக்கு வாய் கொஞ்சம் துடுக்கு. நானும் சிரித்தேன். அவன் போன பிறகு பொம்மையின் கையை மடக்கிப் பார்த்தேன். மடங்கியது. நீட்டினேன். நீண்டது. வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. அவன் சொன்னதில் பொய் ஒன்றுமில்லை.

அவனுடைய கடைசி ஆட்டத்துக்குப் புது உடை நான்தான் தைத்தேன். பூட்ஸும் என்னிடம்தான் இருந்தது, கொக்கி மாற்றுவதற்காக. வேலை முடிந்ததும் அடிப்பாகத்தைச் சொரசொரப்புப் போகத் தேய்த்தேன். பொம்மைக்கு வாங்கியதில் மிச்சமிருந்த பளபளப்பு வார்னிஷைப் பூசி உலரவைத்தேன். மேலே கொஞ்சம் தூசி தூவிவிட்டால் பார்வைக்கு ஒன்றும் தெரியாது. வியர்வை பட்டால்தான் வழுக்கும்.

கணுக்கால் பிசகும், கொஞ்ச காலம் வீட்டில் கிடப்பான், கல்யாணம் தள்ளிப்போகும், மனம் மாறும். அவ்வளவுதான் நினைத்தேன். இதைத்தான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். மூலைக் கம்பத்தின் உச்சியில் ஏறி அங்கிருந்து அவன் பாய்வான் என்பது தெரியாதா என்று நீங்கள் கேட்பீர்கள். தெரியும். அந்தப் பாய்ச்சலில் விரிய வேண்டுமென்று உடையின் தோளில் இறக்கை வைத்துத் தைத்தவளே நான்தானே.

ஏறினான். கால் சறுக்கியது. தலைகீழாக விழுந்தான். கூட்டம் அதையும் ஆட்டத்தில் சேர்த்தி என்று நினைத்துக் கைதட்டியது. நான் ஓடிப்போய் முதலில் அவன் பூட்ஸைக் கழற்றினேன். காலுக்குக் காற்றுப் படட்டும் என்று செய்கிறாள், பாவம், பெற்ற தாய்கூட இப்படிப் பார்க்கமாட்டாள் என்று பக்கத்தில் யாரோ சொன்னார்கள். அவன் கண் திறந்துதான் இருந்தது. என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையில் இருந்த பூட்ஸின் அடிப்பாகத்தைப் பார்த்தான்.

கழுத்துக்குக் கீழே எதுவும் அசையவில்லை. மூச்சுக்காகத் தொண்டையில் குழாய் வைத்தார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து இந்த உள்ளறையில் கிடத்தினேன். பேச்சு இல்லை என்பதால் மருத்துவமனையிலேயே ஒரு ஏற்பாடு செய்து கொடுத்திருந்தார்கள். கண்ணை மூடினால் ஆமாம். அகலத் திறந்தால் இல்லை.

அந்தப் பெண் வந்தாள். வாசலிலேயே நிறுத்தி அவளுக்கு அந்த ஏற்பாட்டைச் சொல்லிக்கொடுத்தேன். மாற்றிச் சொன்னேன். திறந்தால் ஆமாம், மூடினால் இல்லை என்று.

அவள் அவன் தலைமாட்டில் மண்டியிட்டாள். "நான் இங்கயே இருந்துடவா? எனக்கு ஒரு கஷ்டமும் இல்ல. சொல்லு, இருந்துடவா?"

அவன் கண்ணை மூடினான். இறுக்கி மூடினான். இமையோரம் நீர் வழிந்து அந்தக் காதுக்குள் போயிற்று. அவள் திரும்பத் திரும்பக் கேட்டாள். அவன் திரும்பத் திரும்ப மூடினான். கடைசியில் அவள் எழுந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா பாத்துக்கோங்க அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். தினமும் குளிப்பாட்டுவேன். முட்டி, முழங்கை, விரல் ஒவ்வொன்றையும் மடக்கி நீட்டுவேன். படுக்கைப் புண் ஒன்றுகூடக் கிடையாது, நீங்களே பார்க்கலாம்.

பொம்மையை அவன் பார்வைக்கு எதிரே அலமாரியில் வைத்திருந்தேன். தைரியம் வரட்டுமே என்று. ஆனால் அறைக்குள் நான் எங்கே நின்றாலும் அது என்னையே பார்த்தது. அவன் கட்டிலில் படுத்துக்கொண்டு பார்ப்பான், அது அலமாரியில் நின்றுகொண்டு பார்க்கும். சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தேன். முதுகு பார்த்தது. சிரிக்காதீர்கள். ஒருநாள் கொஞ்சம் மக்கு எடுத்து அதன் இரண்டு கண்ணுக்கும் இமை வைத்து மூடிவிட்டேன். அவன் கண்ணெதிரேதான் செய்தேன்.

பேச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு பெண் வந்தாள். உங்களிடம் புகார் கொடுக்க வந்தவள் அவள்தான். குழாயை ஒரு விரலால் அடைத்து அவனிடமிருந்து சத்தம் வரவழைத்தாள். ஒருநாள் குதூகலமாக என்னைக் கூப்பிட்டாள்.

"முதல் வார்த்தை வரப்போகுது, பாருங்க. உங்களைத்தான் கூப்பிடறார்."

நான் அவன் வாயைப் பார்த்தேன். அக்கா என்று சொல்ல உதடு ஒட்ட வேண்டியதில்லை. நீங்களே சொல்லிப் பாருங்கள். அவன் உதடு ஒட்டியது. ஒட்டி, குவிந்து, பிரிந்தது. "பூ" என்று வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். அடுத்த முறை வரும்போது கை நிறையப் பூவோடு வந்தாள். அவன் அந்தப் பூவைப் பார்த்த பார்வை இருக்கிறதே. அதற்கு மேல் ஓரெழுத்துச் சேர்க்க அவன் தொண்டை படாதபாடு பட்டது. மறுநாளே அவளை நிறுத்திவிட்டேன். தம்பிக்கு வேண்டாமாம் என்றேன். அவளும் அதை நம்பித்தான் போனாள். பிறகு யோசித்திருக்கிறாள், அரங்கில் விசாரித்திருக்கிறாள், அந்த டிக்கெட் பெண்ணையும் பார்த்திருக்கிறாள். படித்த பெண், கெட்டிக்காரி.

பூட்ஸ் பீரோவின் அடித்தட்டில் இருக்கிறது. வண்ணத்தைக் கரைக்கும் தின்னர் போட்டுத் துடைத்துவிட்டேன். இருந்தாலும் தையல் இடுக்கில் வார்னிஷ் நின்றிருக்கும், உங்கள் ஆட்கள் பார்த்தால் தெரியும். தூக்கிப் போட மனம் வரவில்லை. நல்ல வேலைப்பாடு.

செய்தது நான்தான். எங்கே வேண்டுமோ அங்கே கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அவனுக்கு என்மேல் வருத்தம் இருக்கும் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தினமும் காலையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "அக்கா உன்கூடவே இருக்கட்டுமாடா?" என்று கேட்கிறேன். அவன் கண்ணை மூடிக்கொள்கிறான். நான் அந்த அறையில் இருக்கும்வரை திறப்பதே இல்லை. இப்படி நாள் முழுக்க ஆமாம் சொல்லிக்கொண்டே இருக்கிற தம்பி யாருக்குக் கிடைப்பான்?