ஏழாம் வகுப்புக் கடல்

— என்ன செங்கமலம் டீச்சர், டமார்னு சத்தம்? ஆபீஸ் ரூம் வரைக்கும் கேக்குது.

— வாளி கை தவறிடுச்சு, ஹெட்மாஸ்டர் சார். தொட்டியில மீனைப் பாருங்க, ஒருக்களிச்சுக் கெடக்கு.

— போயிடுச்சா?

— செவுள் அசையுது. அந்தக் கெணத்துத் தண்ணியை எடுங்க. கொஞ்சம் கொஞ்சமா ஊத்தணும்.

— கடல் மீனுக்குக் கெணத்துத் தண்ணியா?

— தொட்டியில உப்பு ஏறிப்போச்சு சார். பால் சொசைட்டியில வாங்கியாந்த லாக்டோமீட்டரு எப்படி எகிறி நிக்குது பாருங்க, உப்பு கூடுனாத்தான் அது இப்படி மெதக்கும். பூ மாதிரி விரிஞ்சு கெடக்கற கடல் சாமந்திகூடச் சுருங்கிடுச்சு.

— வெயில்ல தண்ணி வத்தியிருக்கும். சரி, விடுங்க.

— எங்க வத்துச்சு? நான் போட்ட கோட்டுலதான் நிக்குது. யாரோ உப்பு போட்டிருக்காங்க.

— கடல் தண்ணிக்கு உப்பு போட நம்ம குரும்பலூர்ல யாரு இருக்கா?

— மத்த மீனுங்க மாதிரி இதுவும் செத்தா தொட்டியக் கழுவிக் கவுத்துடணும்னு நீங்கதான சொன்னீங்க? தரங்கம்பாடியிலேர்ந்து நானும் எங்க வூட்டுக்காரரும் பஸ்ஸுல கேன் கேனா தூக்கியாந்தோம். கண்டக்டரு சாராயம்னு மோந்து பாத்தாரு. ஊருல ஒரு டி.வி. கெடையாது. ஏழாங்கிளாஸ் புள்ளைங்களுக்கு இதான் சார் டி.வி.

— நான் ஒண்ணும் சந்தோசமா சொல்லல டீச்சர்.

— இந்த வெயில்ல எதுக்கு சார் மப்ளரு?

— தொண்டைக்கட்டு. சரி, விடுங்க.

— ரூம் சாவி வாட்ச்மேன் அய்யாக்கண்ணுகிட்ட இருக்கு. அவருக்கு இன்னிக்கே ஒரு மெமோ குடுங்க.

— அய்யாக்கண்ணுக்கா? அந்தாளு மீனைப் பாத்துக் கும்புடறவரு. வேணாம்.

— அப்ப இன்னொரு சாவி யாருகிட்ட இருக்கு?

— ஆபீஸ் பீரோவுலதான்... ஊத்துங்க, ஊத்துங்க. நிறுத்தாதீங்க.

— சார், பவளக்கல்லு இடுக்குல பாருங்க. மிளகு.

— மிளகா?

— உப்பும் மிளகும். மரு உதிரணும்னு வேண்டிக்கிட்டுக் கோயில் குளத்துல போடறத, யாரோ கொண்டாந்து இங்க போட்டிருக்காங்க.

— டீச்சர், மீனு நிமிருது. அதோ, வாலை ஆட்டுது. பொழைச்சிருச்சு.

— பொழைக்கட்டும். நீங்க அந்த மப்ளரைக் கொஞ்சம் எடுங்க.

— மெமோ வேணாம்னு அப்பவே சொன்னேனே.

— எடுங்க சார்.

— குளம் காஞ்சு கெடக்கு டீச்சர், நான் எங்க போவேன்? கடலே நம்ம பள்ளிக்கூடத்துக்கு வந்திருக்குன்னு போட்டேன்... பாருங்க, கழுத்துல ஒரு மரு உதிர்ந்தே போச்சு.