ஏழாவது சந்தும் ஒரு செக்பாயிண்ட்டும்

சோப்புப் போட்டுக் கை கழுவாமல் நான் கீபோர்டைத் தொடுவதில்லை, ஐயா. அலுவலகத்தில் இதற்காக என்னைக் கேலி செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும். பக்கத்து நாற்காலிக்காரன் கன்னா, பக்கோடா தின்ற விரலோடு தட்டுவான். அவன் விசைகளைப் பார்த்தாலே எனக்குக் குமட்டும்.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்பது எண்பத்தாறு டிசம்பரில் நடந்தது. எங்கள் டெல்லி குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் நாலா ஓடுகிறது, பெரிய சாக்கடை. அதன் கரையில் நம் தமிழ்ச் சனங்களின் குடிசைகள். அவற்றை இடித்துவிட்டு, பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் வேறிடத்தில் மனை கொடுப்பதாகத் திட்டம். பட்டியல் என் கம்ப்யூட்டரில் இருந்தது. சர்வே படிவங்களை அதில் ஏற்றியதும் பழைய பேப்பர் வாங்கும் கபாடிக்காரனுக்குப் போட்டுவிட்டோம். நகல் எடுக்கும் டேப்பும் இரண்டு மாதமாக வரவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை, ஏழாவது சந்து மூக்கன் இறந்துபோனதாகச் சீட்டு வந்தது. அவர் பெயரை நீக்கப் போனவன், வீட்டு எண்ணை அடிக்க மறந்து சந்து எண்ணை மட்டும் அடித்துவிட்டேன். அறுபத்து மூன்று வீடுகள் நீக்கப்பட்டன என்றது திரை.

வெறும் கைப்பிசகு. எந்த மாற்றத்தையும் மெஷின் முதலில் லாக் என்கிற தனிக் கோப்பில் எழுதி வைக்கும். அதை வைத்துப் பழையபடி மீட்டுவிடலாம், பத்து நிமிட வேலை. செக்பாயிண்ட் என்ற கட்டளையை அடித்தால்தான் மாற்றம் நிலைத்து, லாக் காலியாகும். அதற்கு முன் அன்றைய மாற்றங்களை அச்செடுத்து அதிகாரி வெங்கடராமனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். அவர் திங்கட்கிழமையே வாரம் முழுவதற்கும் வெற்றுத்தாளில் போட்டு வைத்துவிடுவார். நல்ல மனிதர். அவரைச் சஸ்பெண்ட் செய்தது அநியாயம்.

மீட்கத்தான் உட்கார்ந்தேன். அப்போது பொன்னி வந்தாள். ஏழாவது சந்துக்காரி, எங்கள் குவார்ட்டர்ஸில் பாத்திரம் தேய்ப்பவள். கைக்குழந்தையோடு நேரே மேசைக்கு வந்து என் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஐயா, எம் பேரு இருக்குதான்னு பாத்துச் சொல்லுங்கய்யா. நீங்களும் கள்ளக்குறிச்சிப் பக்கந்தான? நம்மூரு ஆளு உள்ள இருக்காருன்னு தைரியமா இருக்கோம்."

குழந்தையின் மூக்குச்சளி என் சட்டைக் கையில் பட்டது. "ஜோதிலிங்கம்ஜி, ஆப்கி ரிஷ்தேதார்?" என்றான் கன்னா. சொந்தக்காரியா என்று கேட்கிறான். அறையே சிரித்தது. இஸ்திரி போட்ட சட்டையும் சுத்தமான ஹிந்தியுமாகப் பதினொரு வருஷம் டெல்லியில் நான் கட்டிக்காத்த மரியாதை அந்தச் சளியோடு போயிற்று.

"இருக்கும்மா, போ," என்றேன்.

கும்பிட்டுவிட்டுப் போனாள். நான் எழுந்து போய் முழங்கை வரை கழுவினேன். திரும்பி வந்து செக்பாயிண்ட் அடித்தேன். வெங்கடராமன் கையெழுத்திருந்த தாளில் மூக்கன் பெயரை மட்டும் அச்செடுத்து ஃபைலில் வைத்தேன்.

ஜனவரியில் புல்டோசர் வந்தது. ஏழாவது சந்துக்கு மனை இல்லை. எல்லோரும் பாலத்துக்கடியில் கிடந்தார்கள். மூன்றாம் நாள் குளிரில் பொன்னியின் குழந்தை செத்துப்போனது. மறுவாரம் அவள் வேலைக்கு வந்தபோது மாடிப்படியில் எதிர்ப்பட்டாள்.

"பேரு இருக்குன்னீங்களேய்யா," என்றாள்.

மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கிவிட்டேன்.

எனக்கு அவர்கள்மேல் பகை கிடையாது, ஐயா. அசிங்கம் பொறுக்காது, அவ்வளவுதான். ஆனால் இடித்து இத்தனை மாதமாகியும் வீட்டில் அந்தக் குடிசை வாடை போகவில்லை. எங்கள் கக்கூஸ் குழாய்கள்தான் நாலாவில் விழுகின்றன, என்றைக்கும் வந்தது அவற்றின் வாடைதான் என்று இன்ஜினியர் படம் போட்டுக் காட்டுகிறார். நான் நம்பவில்லை. பட்டியலில் எங்கோ இன்னும் சில வீடுகள் மீந்திருக்கின்றன. ஒரு மணி நேரம் என்னை அந்த மெஷின் முன்னால் உட்கார விடுங்கள், கண்டுபிடித்து நீக்கிவிடுகிறேன். கை கழுவிவிட்டுத்தான் தொடுவேன்.