காரணம் போதாது

ஒரே சீப்பில் நாலு பேர் தலை வாரினால், பேன் யாருடையது என்று கண்டுபிடிக்க முடியாது. பயிற்சி வகுப்பில் நான் இப்படித்தான் ஆரம்பிப்பேன். புதிதாக வேலைக்கு வந்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்தால் பாடம் மனதில் நிற்கும். நீங்கள் சிரிக்கவில்லை, பரவாயில்லை ஐயா. உங்கள் வேலை அப்படி.

இறந்துபோனவருடைய பெயர் பெட்டகத்தில் இன்னும் ஏன் இருக்கிறது, அதை ஏன் நீக்கவில்லை என்று கேட்டீர்கள். நல்ல கேள்வி. தணிக்கைக்கு வந்தவர்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான். பதில் கொஞ்சம் நீளம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுடையது குளிர்பதனக் கிடங்கு. கணினிப் பாதுகாப்பு முழுவதும் என் பொறுப்பு. நான் சேர்ந்தபோது கட்டுப்பாட்டு அறைக் கணினிக்குள் போக எல்லோருக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. அதை மஞ்சள் துண்டுச் சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்தார்கள். அந்தப் பெயரில் உள்ளே போனால் குளிர்காற்று வீசும் காற்றாடிகளை ஓட்டலாம், நிறுத்தலாம். உறைய வைக்கும் அறையின் கதவைப் பூட்டலாம், திறக்கலாம். டீ கொண்டுவருகிறவருக்குக்கூட அந்தப் பாஸ்வேர்டு தெரியும். கேட்டால் மனப்பாடமாகச் சொல்வார்.

நான் அந்தச் சீட்டைக் கிழித்துப் போட்டேன். நாங்கள் பெட்டகம் என்று சொல்லும் மென்பொருளை மேலாளரிடம் மன்றாடி வாங்க வைத்தேன். பொதுப் பெயர் பொதுப் பெயராகவே இருக்கும். ஆனால் அதன் பாஸ்வேர்டு இனி பெட்டகத்துக்குள். வேண்டும் என்பவர் தன் வேலைப் போனிலிருந்து கேட்க வேண்டும். காரணம் என்ற கட்டத்தில் எதற்கு என்று எழுத வேண்டும். மேலாளரோ நானோ அனுமதித்தால்தான் கிடைக்கும். ஒருவர் கையில் இருக்கும்போது இன்னொருவருக்குக் கிடைக்காது. திருப்பிக் கொடுத்தவுடன் பாஸ்வேர்டு தானாக மாறிவிடும், பழையதை மனப்பாடம் செய்தவர் வாயில் மண். யார் எடுத்தார், எப்போது திருப்பினார் என்பதெல்லாம் அதில் பதிவாகும். சும்மா சொல்லக்கூடாது, அருமையான ஏற்பாடு.

என் தங்கையின் வீட்டுக்காரரும் அங்கேதான் வேலை பார்த்தார். சேர்த்துவிட்டதே நான்தான். நான் மாப்பிள்ளை என்று கூப்பிட்டதால் கிடங்கே அவரை மாப்பிள்ளை என்றது. அவர் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டார். எனக்குச் சாவிக்கொத்து என்று பெயர் வைத்தவர் அவர்தான். காரணக் கட்டத்தில் ஒரு நாள் "சும்மா" என்று எழுதுவார். ஒரு நாள் "மச்சான் மூஞ்சியப் பாக்காம இருக்க முடியல" என்று எழுதுவார். காரணம் போதாது என்று எழுதி நான் மறுப்பேன். அவர் அதைச் சாப்பாட்டு அறையில் எல்லோருக்கும் என் குரலிலேயே படித்துக் காட்டுவார். சிரிப்பு அலை அலையாக என் அறைவரை வரும். நான் கோபப்பட்டதில்லை.

பாப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். பாப்பா என் தங்கை, நான் வைத்த பெயர். அம்மாவும் அப்பாவும் போன பிறகு நான்தான் அவளைத் தலைவாரிப் பள்ளிக்கு அனுப்பினேன், படிக்க வைத்தேன், கட்டிக் கொடுத்தேன். அவளுக்கு மறதி அதிகம். வங்கிக்கணக்கு, மின்னஞ்சல், போன் எல்லாவற்றுக்கும் பாஸ்வேர்டு போட்டுக் கொடுத்தது நான். கல்யாணத்துக்குப் பிறகும் இருவரும் என் வீட்டு மாடியில்தான் இருந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மின்கட்டணம் கட்ட அவள் போனை எடுத்தேன். திறக்கவில்லை.

"மாத்திட்டேன் அண்ணா" என்றாள்.

"என்னன்னு சொல்லு."

அவள் மாப்பிள்ளையைப் பார்த்தாள். அவர் சிரித்தார். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள, மச்சான். உங்களுக்கு எதுக்கு அந்தத் தலைவலி? அப்புறம், மாசக் கடைசில நாங்க தனியாப் போலாம்னு இருக்கோம்."

"நாலு தெரு தள்ளித்தான் அண்ணா" என்றாள் பாப்பா. அவளும் சிரித்தாள். அதுவரை அவள் என்னைப் பார்த்து அப்படிச் சிரித்ததில்லை. நான் சாப்பிட்ட தட்டை எடுத்துப் போட்டுக் கை கழுவினேன்.

அடுத்து, அவர்கள் வீடு மாறும் முன் வந்த அந்தச் சனிக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. மேலாளர் வெளியூர் போகும் விமானத்தில் இருந்தார். எல்லோரும் கிளம்பிவிட்டார்கள். சரக்குப் பெட்டிகளை எண்ண மாப்பிள்ளை உறைய வைக்கும் அறைக்குள் போனார். சாதாரணச் சட்டைதான், ஐந்து நிமிட வேலை என்று நினைத்திருப்பார். சொந்தப் போனை வாசல் பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். வேலைப் போன் கையில் இருக்கும். பாதுகாப்புக்காக, அதில் பெட்டகத்தையும் கதவுக் கட்டுப்பாட்டையும் தவிர மற்ற எல்லாவற்றையும் அடைத்து வைத்தவன் நான். அந்த இரும்புச் சுவருக்குள் சிக்னல் கிடையாது. வெப்பமானிகளுக்காக நான் போட்ட வைஃபை மட்டும் உண்டு. ஆகவே உள்ளேயிருந்து அவர் கேட்கக்கூடிய இடம் பெட்டகம் ஒன்றுதான். அதைப் படிக்கக்கூடிய ஆள் அன்று நான் ஒருவன்தான்.

முதல் கோரிக்கை வந்தது. காரணம்: "மச்சான், உள்ள மாட்டிக்கிட்டேன். கதவத் தொறங்க."

காரணம் போதாது என்று எழுதி மறுத்தேன். புலி வருது புலி வருது என்று தினமும் கத்துகிறவரை யார் நம்புவார்? நீங்களும் இதைத்தான் செய்திருப்பீர்கள்.

இரண்டாவது வந்தது. "வெளையாடல மச்சான். உள்கைப்பிடி வரல. காத்தாடி வேற ஓடுது. கை மரத்துப்போச்சு."

அதையும் மறுத்தேன். கதவு பூட்டியிருந்தாலும் உள்ளேயிருந்து திறக்க வைத்தது அந்த உள்கைப்பிடி. அது சரியில்லை என்று அவர் முன்பே எழுதிக் கொடுத்திருந்தார். பூட்டு கணினியோடு சேர்ந்தது என்பதால் அந்தப் புகார் என் மேசைக்குத்தான் வரும். மேசையில்தான் இருந்தது, எங்கேயும் போகவில்லை.

இதுவரை கேட்டால் கவனக்குறைவு என்பீர்கள். தலையசைக்கிறீர்கள். இல்லை ஐயா, கவனமாகத்தான் இருந்தேன். அவருடைய முதல் கோரிக்கைக்கு முன்பே அன்று பாஸ்வேர்டு என் கையில் இருந்தது. தணிக்கை என்று காரணம் எழுதி நானே கேட்டேன், நானே அனுமதித்தேன். தன் கோரிக்கையைத் தானே அனுமதிக்க முடியாதபடி பெட்டகத்தில் ஒரு தடை வைத்திருக்க வேண்டும். வைக்கவில்லை. அது குறைதான், ஒப்புக்கொள்கிறேன். அவர் உள்ளே பெட்டிகளை எண்ணுவது கேமராத் திரையில் தெரிந்தது. எண்ணும்போது அவருக்கு உதடு அசையும். கதவைப் பூட்டினேன். காற்றாடிகளை முழு வேகத்தில் வைத்தேன்.

கட்டுப்பாட்டு அறைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவில் ஒரு நடைபாதைதான். தட்டும் சத்தம் எதுவும் கேட்கவில்லை என்று முதல் விசாரணையில் சொன்னேன். கேட்டது. நான் டிபன் டப்பாவைத் திறந்து சாப்பிட்டேன். பாப்பா கட்டிக் கொடுத்தது. எங்கள் இருவருக்கும் ஒரே சாப்பாடுதான் கட்டுவாள், வித்தியாசம் பார்க்கமாட்டாள்.

மூன்றாவது கோரிக்கையில் ஒரே ஒரு சொல் இருந்தது. "பாப்பா."

விரல் அதற்குமேல் ஓடவில்லை போலிருக்கிறது. அந்தப் பெயர் நான் வைத்தது என்று சொன்னேன் அல்லவா? அவரும் அவளை அப்படித்தான் கூப்பிடுவார், யாரையும் கேட்காமல். பெயர் எப்படிக் காரணமாகும்? மறுத்தேன். தட்டுவது நின்ற பிறகு டப்பாவைக் கழுவி வைத்தேன். பாஸ்வேர்டைத் திருப்பிக் கொடுத்தேன். அது மாறிவிட்டது.

விபத்து என்று நிறுவனம் முடித்துக்கொண்டது. கதவைப் பூட்டியது எந்தப் பெயர் என்று கேட்டார்கள். பொதுப் பெயர் என்றேன், அது உண்மை. தினமும் பூட்டுகிற பெயர்தானே என்று விட்டுவிட்டார்கள். அந்த நேரத்தில் பாஸ்வேர்டு யார் கையில் இருந்தது என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். பெட்டகத்தில் அது இன்றைக்கும் அப்படியே இருக்கிறது. பதிவை அழிப்பது முறையல்ல.

எல்லாம் முடிந்து நான் வேலைக்குத் திரும்பினேன். காலையில் கணினியைத் திறந்தேன். ஒரு கோரிக்கை காத்திருந்தது. கேட்டவர் மாப்பிள்ளை. காரணம்: "பாப்பா."

பயந்தேன் ஐயா. சொல்வதில் வெட்கமில்லை. பழைய கோரிக்கை எங்கோ சிக்கி இப்போது வெளியே வருகிறது என்று எனக்கு நானே சொல்லி மறுத்தேன். மறுநாளும் வந்தது. அதற்கு மறுநாளும் வந்தது. எல்லாவற்றையும் நிறுத்தி மறுபடி தொடங்கிப் பார்த்தேன், நிற்கவில்லை. பட்டப்பகலில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வீட்டில் பாப்பா காய் நறுக்கினால் அந்தச் சத்தம் எனக்கு இரும்புக் கதவில் கேட்டது. கடையில் நறுக்கிய காயே வாங்கிவிடலாம் என்றேன். அவள் நறுக்கிக்கொண்டே இருந்தாள். ஒருநாள் மதியம் அந்த அறைக்கே போய்க் கதவைத் திறந்து உள்ளே பார்த்தேன். பெட்டிகள்தான் இருந்தன. ஆனாலும் கதவை மூடக் கை வரவில்லை. வேறு ஒருவரைக் கூப்பிட்டு மூடச் சொன்னேன்.

கடைசியில் பெட்டகம் விற்ற நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். ஒரு பெண் எடுத்தார். "சார், இது சாஃப்ட்வேர் கோளாறு இல்ல. அந்தப் போன்ல யாரோ 'மறுபடி கேள்' பட்டன அழுத்தறாங்க. ஒரு வீட்டு வைஃபைல இருந்து வருது சார்" என்றார். வைஃபையின் பெயரையும் படித்துக் காட்டினார். அது என் வீட்டுடையது. அவசரத்துக்கு வீட்டிலிருந்தும் கதவைத் திறக்க வசதியாக அந்தப் போனை அதில் இணைத்துக் கொடுத்தவனும் நான்தான்.

மாப்பிள்ளையின் சட்டை, கடிகாரம், வேலைப் போன் எல்லாவற்றையும் ஒரே பையில் போட்டு அவளிடம் கொடுத்திருந்தார்கள். நான் அந்தப் போனை வாங்கி வைக்காததற்குக் காரணம் உண்டு. அதன் பாஸ்வேர்டு செத்தவரோடு போய்விட்டது, இனி யாராலும் திறக்க முடியாது என்று நினைத்தேன். கணவனும் மனைவியும் ஒரே பாஸ்வேர்டு வைத்துக்கொள்வார்கள் என்பது, ஊருக்கெல்லாம் பாடம் எடுத்த எனக்குத் தோன்றவில்லை.

அன்று வீட்டுக்குப் போனேன். பாப்பா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

"அண்ணா, காரணம் போதாதுன்னு எழுதறது மெஷினா, ஆளா?"

"ஆளுதான்."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சுப் பாத்துட்டுத்தான் எழுதுவாங்களா?"

"படிச்சுட்டுத்தான்."

"மூணு தடவையும் படிச்சிருக்காங்க" என்றாள். அழவில்லை. சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

அதோடு பேச்சு நின்றது. தட்டை வைப்பாள், போய்விடுவாள். கூப்பிட்டால் திரும்பமாட்டாள். வீட்டைவிட்டுப் போகவும் இல்லை. ஆனால் நான் வேலையில் இருக்கும்போது கோரிக்கை வரும். இப்போது அவளே காரணம் எழுதுகிறாள். "கதவத் தொற அண்ணா" என்று வந்தது. "அவருக்குக் குளிர் தாங்காது அண்ணா" என்று வந்தது. நேற்று வந்தது, "பாப்பா கேக்கறேன். இது போதுமா?"

நான் அவற்றை அனுமதிப்பதில்லை. இப்போது மறுப்பதும் இல்லை. மறுத்தால் வெறுத்துப்போய் நிறுத்திவிடுவாளோ என்று பயமாக இருக்கிறது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொன்றாகத் திறந்து படிப்பேன்.

எழுதிக்கொள்ளுங்கள் ஐயா. மாப்பிள்ளையைக் கொன்றது நான்தான். கதவு தானாகப் பூட்டவில்லை, கை தவறவில்லை. எங்கே கையெழுத்துப் போடச் சொன்னாலும் போடுகிறேன். அவர் பெயரை மட்டும் நீக்கச் சொல்லாதீர்கள். போனின் பாஸ்வேர்டை மாற்றினாள், தனியாகப் போகப் பார்த்தாள், எல்லாம் சரி. ஆனால் என்ன இருந்தாலும், பாப்பா இன்னும் என்னிடம்தான் அனுமதி கேட்கிறாள்.