புதன்கிழமை அட்டை

எனக்குப் பேசப் பிடிக்கும். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிறகு நீங்கள் கண்டுபிடித்ததாக ஃபைலில் எழுதிக்கொள்ள வேண்டாம். பதினோரு வருஷம் டெலிபோன் கம்பெனியில் புகார் கேட்கும் வேலை பார்த்தேன். திட்டுவதற்காகவே கூப்பிடுகிறவர்களைச் சிரிக்க வைத்துதான் போனை வைப்பேன். "உங்ககிட்ட பேசினதுல லைன் செத்துப்போனதே மறந்துபோச்சும்மா" என்று ஒரு பெரியவர் சொல்லியிருக்கிறார்.

பிறகு மகள் பிறந்தாள். மூன்று வயதில் ஆட்டிசம் என்றார்கள். வேலையை விட்டேன், அதில் எனக்கு வருத்தமே இல்லை. வருத்தமெல்லாம் வேறு. காலையிலிருந்து சாயங்காலம் வரை நான் ஒருத்தி பேசிக்கொண்டே இருப்பேன், அவள் கதவுக் கீலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். கீல் நல்ல கீல்தான், ஆனால் எவ்வளவு நேரம்.

ஒன்பது வயதில் அவளிடம் பதினான்கு வார்த்தைகள் இருந்தன. அதை வைத்துக்கொண்டே வீட்டை ஆண்டாள். இந்தத் தெரபி சென்டரில் நீங்கள் கொடுத்த பட அட்டைகளைச் சமையலறைக் கதவில் வரிசையாக ஒட்டினோம். பல் துலக்கு, குளி, உடை மாற்று, சாப்பிடு, ஷூ போடு, வேனில் ஏறு. கடைசி அட்டை என் போட்டோ. அம்மா வந்து கூட்டிப்போவாள் என்று அர்த்தம். அது மட்டும் பையில் கோத்த வளையத்தில் அவளோடு பள்ளிக்கூடம் போகும். ஒரு வேலை முடிந்ததும் அட்டையை உரித்து டப்பாவில் போட்டுவிட்டு அடுத்ததற்குப் போவாள். ஒருநாள் அவள் அப்பா சாப்பாட்டுக்கு முன்னால் ஷூவை மாட்டிவிட்டு நன்றாக வாங்கிக்கட்டிக்கொண்டார். அன்றிலிருந்து அவளுக்கு 'மேனேஜரம்மா' என்று பெயர் வைத்தார்.

இனி வியாழக்கிழமைக்கு வருகிறேன். நான்கு மணி, இதே கட்டடத்தின் பின்னறை, நம் பெற்றோர் வட்டம். "அழுதுட்டே சொல்ல வேணாம், சிரிச்சுட்டே சொல்லுங்க, பாரம் இறங்கும்" என்று ஆரம்பித்து வைத்தது நீங்கள்தான். பத்து பிளாஸ்டிக் நாற்காலி, ஒன்றில் மட்டும் மெத்தை. அந்த வாரம் யார் அதிகம் அல்லாடினாரோ அவருக்கு மெத்தை நாற்காலி, கேக்கில் முதல் துண்டு. பழைய கதை செல்லாது, அந்த வாரத்துக் கதைதான் வேண்டும். இந்த விதியை யார் போட்டார்கள் என்று நான் கேட்கப்போவதில்லை.

என்ன சிரிப்பு அது. பல் டாக்டரின் மகன் ஓர் இடத்தில் நிற்காதவன், காத்திருந்தவர்களின் செருப்பையெல்லாம் ஜோடி மாற்றி வைத்துவிட்டான். ஆறு பேர் ஆளுக்கொரு சண்டையோடு வீட்டுக்குப் போனார்கள். பஸ் டிரைவரின் மகளுக்கு எல்லாவற்றுக்கும் பயம், ஆனால் எந்த பஸ்ஸிலும் ஏறிவிடுவாள், தன் அப்பா ஓட்டும் பஸ்ஸைத் தவிர. என் முறை வந்தால் அறையே நிமிர்ந்து உட்காரும். வாரத்தில் அந்த ஒரு மணி நேரம்தான் நான் மனுஷியாக இருந்தேன்.

அப்புறம் உங்கள் அட்டைகள் பலன் கொடுக்க ஆரம்பித்தன. ஆறு வாரம் அலறல் இல்லை, கடி இல்லை. அடுத்த வருஷம் பொது வகுப்பில் உட்கார வைக்கலாம் என்று பள்ளிக்கூடத்தில் பேச்சு. எனக்கும் சந்தோஷம்தான். "உங்க கதை என்னம்மா?" என்று வட்டத்தில் கேட்டபோது, "ஒண்ணுமில்ல, நல்லா இருக்கா" என்றேன். "அடடே, ரொம்ப சந்தோஷம்" என்று சொல்லிவிட்டு நீங்கள் அடுத்தவர் பக்கம் திரும்பிவிட்டீர்கள். இப்படி ஆறு வியாழக்கிழமை. ஆறாவது வாரம் கதவோரத்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கேக் என்னிடம் வருவதற்குள் தீர்ந்துபோயிருந்தது.

முதல் தடவை நடந்தது தற்செயல். ஒரு புதன்கிழமை காலையில் கதவைத் துடைக்கும்போது அட்டைகள் விழுந்தன. அவசரத்தில் 'ஷூ போடு' அட்டையை 'குளி'க்கு முன்னால் ஒட்டிவிட்டேன். மேனேஜரம்மா மேலிடத்து உத்தரவை மீறமாட்டாள். இரவு உடையோடு ஷூவை மாட்டிக்கொண்டு, ஷூ போட்டால் பை மாட்ட வேண்டும் என்று பையையும் மாட்டிக்கொண்டு, ஷவருக்குக் கீழே போய் நின்றாள். நோட்டெல்லாம் ஊறிப்போய் அவள் அழுத அழுகை இருக்கிறதே. மறுநாள் வட்டத்தில் சொன்னேன். பஸ் டிரைவர் நாற்காலியோடு பின்னால் சாய்ந்து சுவரில் இடித்துக்கொண்டார். மெத்தை எனக்கு.

அடுத்த புதன்கிழமை அட்டைகள் விழவில்லை. நான்தான் மாற்றினேன். இதைத்தானே தெரிந்துகொள்ளக் கூப்பிட்டீர்கள்.

புதன்கிழமை மட்டும்தான். வியாழக்கிழமை வரை கதை ஆறிப்போகக்கூடாதே. மற்ற ஆறு நாளும் ஒரு அட்டைகூட இடம் மாறாது. நான் கொடுமைக்காரி இல்லை. ஒரு தடவை வளையத்தில் என் போட்டோவுக்கு முன்னால் இன்னொரு வேன் அட்டையைக் கோத்தேன், பள்ளிக்கூட வாசலில் இறங்கியவள் மறுபடி ஏறி உட்கார்ந்துகொண்டாள், வேன்காரர் கெஞ்சிக் கூத்தாடினார். பிறகு ஒரு புதன்கிழமை வளையத்திலிருந்து என் போட்டோவை எடுத்துவிட்டேன்.

அது நல்ல கதை. மூன்று மணிக்கு நான் வாசலில் எதிரே நிற்கிறேன். அவள் வளையத்தைப் பார்க்கிறாள், என்னைப் பார்க்கிறாள், மறுபடி வளையத்தைப் பார்க்கிறாள். அட்டையில் இல்லாத அம்மாவோடு எப்படிப் போவது? ஒன்றே முக்கால் மணி நேரம் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காவலாளி பாவம், எனக்கு ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். அவள் தன் மணிக்கட்டைக் கடித்துக்கொண்டே இருந்தாள். போட்டோ என் கைப்பையில்தான் இருந்தது. எவ்வளவு நேரம்தான் நிற்பாள், பார்க்கலாமே என்று இருந்துவிட்டேன்.

வியாழக்கிழமை காவலாளியாகவும் அவளாகவும் நானே நடித்தேன். "போதும்மா, வயிறு வலிக்குது" என்று பல் டாக்டர் கையெடுத்துக் கும்பிட்டார். நீங்களும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டீர்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை, வீடு வரைக்கும் பாடிக்கொண்டே போனேன்.

பதினான்கு வார்த்தைகள் ஐந்தாகிவிட்டன என்று நீங்கள் சொல்வது உண்மைதான். போனவற்றில் 'அம்மா'வும் ஒன்று. பரவாயில்லை, இரண்டு பேருக்கும் சேர்த்து நான்தான் பேசுகிறேனே. பொது வகுப்பு இப்போதைக்கு இல்லை என்று பள்ளிக்கூடத்தில் கடிதம் கொடுத்தார்கள். அதைப் படித்துவிட்டு அவள் அப்பா, "ஏன் புதன்கிழமைன்னா மட்டும் இவளுக்கு இப்படி ஆகுது?" என்று கேட்டார். "வாரத்துல நடுநாள் இல்லையா, எல்லாருக்குமே சலிப்பு தட்டும்" என்றேன். அவர் நம்பிவிட்டார். அவருக்கு என் பேச்சு எப்போதுமே பிடிக்கும்.

இன்றைக்கும் புதன்கிழமை. காலையில் கதவருகே போனேன். வரிசையில் எல்லாவற்றுக்கும் முன்னால், பல் துலக்குவதற்கும் முன்னால், ஒரு புது அட்டை. பிஸ்கட் டப்பாவைக் கிழித்துச் செய்தது. அதில் பேனாவால் ஒரு கை வரைந்திருந்தது. மோதிர விரலில் சதுரக் கல் மோதிரம், இதோ, இதே மோதிரம். அந்தக் கை ஒரு அட்டையை உரித்துக்கொண்டிருந்தது.

அவள் பக்கத்தில்தான் நின்றாள், இரண்டு காதையும் பொத்திக்கொண்டு. வரிசைப்படி என் வேலை முடிந்தால்தான் அவள் பல் துலக்கப் போக முடியும். காத்துக்கொண்டிருந்தாள். நான் 'சாப்பிடு'வையும் 'குளி'யையும் இடம் மாற்றினேன். உடனே அவள் அந்தப் புது அட்டையை உரித்து டப்பாவில் போட்டுவிட்டுப் பிரஷ்ஷை எடுக்கப் போய்விட்டாள். அழவில்லை, கத்தவில்லை.

தானாக வரைந்து, தானாக வரிசையில் சேர்த்திருக்கிறாள். இத்தனை வருஷத்தில் உங்களில் யாராவது அவளுக்கு இதைக் கற்றுக்கொடுத்தீர்களா? நான் கற்றுக்கொடுத்திருக்கிறேன். நான் சொன்னதையெல்லாம் எழுதிக்கொண்டு எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறேன். நாளைக்கு வட்டத்தில் இதை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். உங்களுக்குச் சிரிக்க வைக்கத் தெரியாது, கதை பாழாகிவிடும். நானே வந்து சொல்கிறேன், மெத்தை நாற்காலியில் யாரையும் உட்கார வைத்துவிடாதீர்கள்.