நீரோவுக்கு ஒரு துணை

பெரிய நாய்க்குத் துணை நாய் தேடுவது பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடுவதைவிடச் சிரமம், ஐயா. மாப்பிள்ளை சரியில்லை என்றால் நாலு பேர் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். நாய்கள் உட்கார்ந்து பேசாது.

நான் பெக்கோக் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் துரை பங்களா நாய்க்காரன். பெயர் சின்னத்தம்பி. பெண்டாட்டி போய்ச் சேர்ந்துவிட்டாள். ஒரே மகள் செல்லம். யாரும் கூப்பிடாமல் நானாகத்தான் சிகாமட் போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறேன். ரைட்டர் நிதானமாக எழுதிக்கொள்ளட்டும், எனக்கு அவசரமில்லை.

துரை வளர்த்த நீரோ மாஸ்டிஃப் ஜாதி. கன்றுக்குட்டி உயரம் இருக்கும். துரை கிளப்புக்குப் போய்விட்டால் கதவைப் பிறாண்டும், ஊளையிடும், சோற்றைத் தொடாது. தனிமைதான் காரணம். அதே ஜாதியில் இன்னொரு கடுவனைச் சிங்கப்பூரிலிருந்து வரவழைக்கப் போவதாகத் துரை சொன்னார். ஒரே உயரத்தில், ஒரே வயதில் இரண்டு கடுவனை ஒரு வீட்டில் கட்டினால் வினையை விலை கொடுத்து வாங்கியதாகிவிடும்.

"ஜாதி பாக்காதீங்க தொரை, கொணத்தப் பாருங்க" என்றேன். "சின்ன வயசுப் பொட்ட நாயா, வம்புக்குப் போகாததா, அதுக்காகப் பயந்தும் சாகாததா இருந்தாப் போதும். லயத்துல கெடக்கிற நாட்டு நாயே நல்லா ஒத்துப்போகும்."

துரை சிரித்துக்கொண்டே சரி என்றார். சோறு கொண்டுவந்த செல்லமும் அப்போது பக்கத்தில்தான் நின்றாள்.

தேடி அலைந்து செவலையைக் கண்டுபிடித்தேன். பள்ளத்து லயத்தில் அய்யாவு வளர்த்த நாய். அவன் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். சாக்கடையில் கிடந்த குட்டியைத் தூக்கிவந்து, கஞ்சி ஊற்றி, மடியில் போட்டு வளர்த்திருந்தான். எங்கள் தோட்டத்தில் கூலிகளுக்கு வரிசை வரிசையாக லயத்து வீடுகள், சாதிக்கு ஒரு லயம், ஐயா. நாங்கள் மேட்டு லயம். பள்ளத்து லயத்து ஆட்கள் எங்கள் குழாயில் தண்ணீர் பிடிக்க மாட்டார்கள். யாரும் போட்ட சட்டமில்லை. அப்படியே இருந்து வந்தது, அவ்வளவுதான்.

புது நாயை எடுத்த எடுப்பில் வீட்டுக்குள் விடக் கூடாது. பழைய நாய்க்கு அது தன் ராஜ்ஜியம். இரண்டுக்கும் சொந்தமில்லாத பொது இடத்தில், எதிரெதிராக நிறுத்தாமல், பக்கத்தில் பக்கத்தில் நடக்கவிட வேண்டும். அதற்கு இரண்டு ஆள் வேண்டும். செவலை, அய்யாவு பிடித்தால்தான் நடக்கும். நீரோ என் கைக்கும் செல்லத்தின் கைக்கும் மட்டும்தான் அடங்கும். எனக்கோ முட்டிவலி. நீரோவின் சங்கிலியை மகள் கையில் கொடுத்தவன் நானேதான்.

தினமும் சாயங்காலம் செம்மண் சாலையில் இரண்டு நாயும் போகும், வரும். நான் பங்களாப் படியில் உட்கார்ந்து பார்ப்பேன். வால் எப்படி இருக்கிறது, காது எப்படி இருக்கிறது, எது முந்துகிறது என்று நாய்களைத்தான் பார்த்தேன். சங்கிலி பிடித்தவர்களைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

முதல் நாளே இருவருக்கும் இரண்டு விஷயம் சொல்லிவைத்தேன். நீரோ பரம சாது, ஆனால் சோற்றில் மட்டும் பங்கு கொடுக்காது. அதனால் இரண்டு நாய்க்கும் இரண்டு தட்டு, இரண்டு மூலை. அடுத்தது, தப்பித்தவறிச் சண்டை வந்துவிட்டால் நடுவில் கை விடக் கூடாது.

"எம் புள்ளயக் கடிச்சா நான் எப்படிண்ணே கையக் கட்டிக்கிட்டு நிப்பேன்?" என்று அய்யாவு சிரித்தான். அவன் என்னை அண்ணே என்று கூப்பிடுவது எனக்குப் பிடிக்கவில்லை. நாய் பழகும்வரை போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அந்தப் பதிலை நான் மறக்கவில்லை.

நாய்கள் ஒத்துப்போயின, செவலை பங்களாவிலேயே தங்கிவிட்டது. சங்கிலி பிடித்தவர்களும் ஒத்துப்போயிருக்கிறார்கள். பங்களாவில் சமைக்கிற குசினிக்காரி அங்கம்மா வந்து சொல்லித்தான் எனக்குத் தெரியும். செல்லத்தைக் கேட்டேன். அவள் அழவில்லை, மறைக்கவுமில்லை.

"ஜாதி பாக்காதீங்க, கொணத்தப் பாருங்கன்னு தொரைகிட்டச் சொன்னது நீங்கதானப்பா?"

"அது நாய்" என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? அய்யாவு பங்களாப் பக்கம் வரக்கூடாது என்று கங்காணியிடம் சொல்லிவைத்தேன். மகளை அடிக்கவில்லை. நான் கை நீட்டுகிற ஆளில்லை, ஐயா, யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

அப்போது அடைமழை, ஆற்றில் வெள்ளம். செல்லம் சேலைகளை மூட்டை கட்டி அடுப்பங்கரையில் ஒளித்து வைத்திருந்ததைப் பார்த்தேன். ஒன்றும் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் நாய்களுக்குச் சோறு வைக்கவில்லை. மறுநாளும் பட்டினிதான்.

அதற்கடுத்த நாள் விடிந்ததும் செல்லத்தைக் காணோம். காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டபோது அய்யாவுவையும் காணோம் என்றார்கள். மழை விட்டு, வெயில் சுள்ளென்று அடித்தது. தண்டவாளத்தில் வெள்ளம் ஏறியதால் ரயில் ஓடவில்லை. அவர்கள் வழியில் எங்கேயோ ஒதுங்கிக் காத்திருக்க வேண்டும். எங்கே என்று நான் தேட வேண்டியதில்லை. அய்யாவு எங்கே இருந்தாலும் செவலை போய்ச் சேரும். செவலை போகிற இடத்துக்கு நீரோ போகும். அப்படிப் பழக்கியிருந்தேன். இரண்டு துண்டு ஆட்டுக்கறியை இலையில் கட்டி மடியில் செருகிக்கொண்டு, இரண்டு சங்கிலியையும் பிடித்துக் கிளம்பினேன்.

தண்டவாளத்து ஓரம், ரயில்வேக் கூலிகளின் பழைய கொட்டகையில் இருந்தார்கள். செவலை தாவிப் போய் அவன் முகத்தை நக்கியது. நீரோவும் அவனைப் பார்த்து வாலாட்டியது. நீரோவுக்கு அவன்மேல் ஒரு பகையும் கிடையாது.

"விட்டுருங்கப்பா" என்றாள் செல்லம். "சிங்கப்பூருக்குப் போயிடறோம். உங்க கண்ணுலயே பட மாட்டோம்."

நான் சங்கிலிகளைக் கழற்றினேன். ஒரு துண்டுக் கறியை எடுத்து இரண்டு நாய்க்கும் நடுவில் போட்டேன்.

செவலை வாய் வைத்தது. நீரோ அதன் கழுத்தைப் பிடித்தது. அய்யாவு நடுவில் கை விட்டான். முதலில் மணிக்கட்டு, அப்புறம் கீழே விழுந்தான், அப்புறம் தொண்டை. கை விடாதே என்று சொல்லியிருந்தேன். கேட்கவில்லை.

செவலை பிழைத்துக்கொண்டது. செல்லம் அதைத் தூக்கிக்கொண்டு பள்ளத்து லயத்துக்கே போய்விட்டாள், அய்யாவுவின் தாயோடு இருக்கிறாள். துரை நீரோவைச் சுட்டுவிட்டார். வெறி பிடித்த நாய் என்று எழுதிக்கொண்டார்களாம். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. நீரோவுக்கு வெறியுமில்லை, ஒன்றுமில்லை. தங்கமான நாய். அதன்மேல் பழி நிற்கக் கூடாது என்றுதான் வந்தேன்.

நாய் சண்டை போடும் என்று தெரியுமா என்கிறீர்கள். தெரியும். அவன் கை விடுவான் என்றும் தெரியும். எனக்குத் தெரிந்த தொழிலே அதுதானே.

மடியில் இன்னொரு துண்டு இருந்தது. அது செல்லத்துக்கும் தெரிந்திருக்கிறது. தினமும் இரண்டு தட்டு வைத்த பெண் அல்லவா. "இன்னொன்னப் போடுங்கப்பா, போடுங்கப்பா" என்று என் காலைக் கட்டிக்கொண்டு கத்தினாள். தூரத்தில் போட்டிருந்தால் நீரோ அவனை விட்டிருக்கும்.

ஏன் போடவில்லை என்றா கேட்கிறீர்கள்? அன்றைக்கு மழை பாருங்கள், ஐயா. கை விறைத்துப் போயிருந்தது. அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.