ஒரே வரைபடத்தில் இரு கரைகள்

சுனாபட்டி நிலையத்தில் மின்ரயில் ஏறிய இரண்டு பெண்களும் கழிமுகத்தின் எதிரெதிர்க் கரை நகராட்சிகளில் வேலை பார்ப்பவர்கள். இளையவள்தான் ஆரம்பித்தாள்.

"யக்கா, எங்க பூநாரையெல்லாம் உங்க குளத்துலதான் தூங்குது."

"போடி. அது காலிக்குளம், மண்ணக் கொட்டி மூடிறலாம்னு எங்க ஆபீசர் சாப் எழுதியே குடுத்துட்டாரு."

"அவரு கடல்தண்ணி வத்துன நேரத்துல வந்திருப்பாரு. அப்ப அதுக எங்க சேத்துல மேயும். தண்ணி ஏறுனா உங்க பக்கம் பறந்துரும். ரெண்டு ஆபீஸ் டேட்டாவும் இப்ப ஒரே சாஃப்ட்வேர்ல இருக்குல்லா, பாருங்க."

கைப்பேசி வரைபடத்தில் இளஞ்சிவப்புப் புள்ளிகள் நீரைத் தாண்டிக் குளத்தில் இறங்கின. மூத்தவள் சிரித்தாள்.

"நாளைக்கு மீட்டிங்ல இதப் போடுதேன். மண்ணு லாரிய உங்க கரைக்குத் திருப்பிவிடச் சொல்லுதேன்."

"எங்க கரைக்கா? அங்க அதுக சாப்பிட்டுக்கிட்டுல்லா இருக்கும்!"

மான்குர்த் நிலையம் தாண்டி வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியது. கீழே தண்ணீரும் ஏறிக்கொண்டிருந்தது.